மேப்பிள் மரம் வன்னியில் வளருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கம் சின்னதாக ஒரு மரக்கன்றுத் தவறணை வைத்திருக்கிறேன். தவறணை என்ற சொல்லைக் கேட்டுக் கள்ளுக்கு வந்து ஏமாந்து போனவர்களும் உண்டு. மாங்கன்று, தேசி, கொய்யா கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். ஆனாலும் வெளிநாட்டில் இருந்து பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து போகும் ஆடி, ஆவணியில் மேப்பிள் கேட்டு யாராவது வராமல் இருப்பதில்லை. கைத்தொலைபேசியில் கனடாவின் ஸ்காபரோ வீட்டு முற்றத்தின் படத்தைக் காட்டி, "இதே மாதிரி ஒண்டு" என்பார்கள். ஒரே பதிலைப் பல தடவை சொல்லி அலுத்துத்தான் எழுதி வைக்கிறேன். கேட்டவர்களின் வாய்ச்சொல்லை மாற்றவில்லை.

அண்ணை, மேப்பிள் மரம் இஞ்ச வளருமோ?

முளைக்கும். கொஞ்ச நாள் இருக்கும். மரமாகாது. படத்தில் பார்க்கும் அந்தச் சிவப்பு வரவே வராது. அவசரமாக வந்தவர்கள் இதோடு போய்விடலாம். ஏன் என்று கேட்கிறவர்களுக்குத்தான் மிச்சம்.

மேப்பிள் எண்டு சொல்லுறது மே பிளவர் மரத்தைத்தானே? அது எங்கட ரோட்டோரத்திலயே நிக்குதே?

இல்லை. இரண்டுக்கும் பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. மே பிளவர் என்று நாங்கள் சொல்வது மயிற்கொன்றை. கோடையில் இலை உதிர்த்துச் செம்பூவாக நிற்கும் அந்த மரத்தின் சொந்த ஊர் மடகாஸ்கார். அதில் சிவப்பது பூ, மேப்பிளில் சிவப்பது இலை.

மேப்பிள் ஒரு மரம் அல்ல, ஒரு கூட்டம் என்றே சொல்லலாம். 120க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை ஆசியாவிலும், மற்றவை ஐரோப்பா, வட அமெரிக்காவிலும் நிற்கின்றன. கனடாக் கொடியில் உள்ள பதினொரு முனை இலை 1965 பெப்ரவரி 15 முதல் பறக்கிறது. பலர் அதைச் சீனி மேப்பிளின் இலை என்பார்கள். வீட்டு முற்றத்தில் அழகுக்கு வைக்கும் சின்ன மரம் பெரும்பாலும் ஜப்பான் மேப்பிள். ரொறன்ரோத் தெருக்களில் வரிசையாக நிற்பதில் கணிசமானவை நோர்வே மேப்பிள். ஐரோப்பாவில் இருந்து கொண்டுபோய் நட்டது, இப்போது அங்குள்ள காடுகளுக்குள்ளும் புகுந்து தொல்லை கொடுக்கிறது. ஆகவே "அங்கே நிற்கிற மேப்பிள்" என்று சொன்னால் எதைச் சொல்கிறீர்கள் என்று நானும் திருப்பிக் கேட்பேன்.

எங்கட வேலியில மேப்பிள் இலை மாதிரியே ஒண்டு தானா முளைச்சு நிக்குது. இலையும் சிவப்பு. அதென்ன?

இப்படிப் பிடுங்கிக்கொண்டு வந்த கொப்புகள் எல்லாம் இதுவரை மூன்றில் ஒன்றாகத்தான் இருந்திருக்கின்றன: ஆமணக்கு, மரவள்ளி, சிவப்புக் காட்டாமணக்கு. மூன்றுக்கும் விரித்த கைபோன்ற இலை. சிவப்பு இலை ஆமணக்கு பார்க்க அழகுதான், ஆனால் அதன் விதை கொடிய நஞ்சு. காட்டாமணக்கும் அப்படியே. சின்னப் பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் இரண்டையும் விடாதீர்கள்.

மேப்பிளை அறிய இலையின் வடிவத்தைப் பார்க்காதீர்கள். இலை கொப்பில் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். மேப்பிளில் இலைகள் எதிரெதிராகச் சோடி சோடியாக இருக்கும். ஆமணக்கிலும் மரவள்ளியிலும் மாறி மாறி ஒவ்வொன்றாக இருக்கும். காயும் அடையாளம்: இரண்டு சிறகு ஒட்டிய விதை, மேலே இருந்து விட்டால் சுழன்று சுழன்று இறங்கும்.

மேப்பிளுக்கு உண்மையான சொந்தம் ஒன்று உங்கள் வேலியில் இருக்கக்கூடும், ஆனால் பார்த்தால் நம்பமாட்டீர்கள். முடக்கொத்தான். தாவரவியலார் இப்போது மேப்பிளையும் முடக்கொத்தானையும் றம்புட்டானையும் பூவந்தியையும் ஒரே குடும்பத்தில் சேர்க்கிறார்கள். மூட்டு வலிக்கு முடக்கொத்தான் இரசம் வைத்துக் குடித்திருந்தால் மேப்பிளின் மச்சாளை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள்.

எங்கட கிணத்தில கோடையிலும் தண்ணி வத்தாது. தண்ணியை ஊத்தி ஊத்தி வளத்தால் காணாதோ?

காணாது. தண்ணீர் இல்லாததை விட, குளிர் இல்லாததுதான் இங்கே குறை.

மேப்பிள் ஆண்டுக்கு ஒருமுறை உறங்க வேண்டிய மரம். நாள் குறுகி இரவு குளிரும்போது இலையை உதிர்த்து மொட்டை மூடிக்கொள்ளும். பிறகு வாரக் கணக்கில் குளிர், ஏறக்குறைய 7 பாகைக்குக் கீழ், பட்டால்தான் "மாரி முடிந்தது, இனித் துளிர்க்கலாம்" என்று அந்த மொட்டுக்குத் தெரியும். அந்தக் கணக்கு நிறையாவிட்டால் மொட்டு திறக்காது, அல்லது கொப்பின் நுனியில் மட்டும் நாலு இலை வரும். ஒன்றிரண்டு ஆண்டுகளில் மரம் களைத்துவிடும். வன்னியில் தைப் பனியில் நாங்கள் போர்வையைத் தேடும் இரவிலும் வெப்பம் 20 பாகையை ஒட்டியே நிற்கும்.

அதற்குமேல் சோளகக் காற்று இருக்கிறது. வைகாசி முதல் ஆவணி, புரட்டாதி வரை தென்மேற்கில் இருந்து சூடாகவும் வரட்சியாகவும் வீசும். ஜப்பான் மேப்பிளின் மெல்லிய இலை அந்தக் காற்றில் இரண்டே நாளில் ஓரம் கருகும். வேரில் தண்ணீர் நின்றாலும் கருகும், ஏனென்றால் இலை இழக்கும் வேகத்துக்கு வேரால் தண்ணீர் ஏற்ற முடியாது.

அங்க இலை என்னெண்டு சிவக்குது? மருந்து ஏதும் அடிக்கிறாங்களோ?

மருந்து எதுவும் இல்லை. குளிர்காலம் நெருங்கும்போது மரம் இலையில் உள்ள பச்சையத்தை உடைத்துச் சத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பச்சை போனதும் முன்பே அங்கே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படி ஒளிந்திருந்தது அல்ல. அந்தக் கடைசி வாரங்களில் இலையில் தங்கிய சீனியைக் கொண்டு மரம் புதிதாகச் செய்வது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் சேர்ந்தால் சிவப்பு கூடும். மூட்டமும் மழையுமாக இருந்தால் அங்கேயே மங்கிப் போகும்.

இலை இருக்கும் காலம் முழுவதும் கருஞ்சிவப்பாகவே இருக்கும் வகைகளும் உண்டு. நோர்வே மேப்பிளிலும் ஜப்பான் மேப்பிளிலும் அப்படித் தெரிந்தெடுத்தவை விற்கிறார்கள். அவை இலை விரியும்போதே சிவப்பு. இந்த வித்தியாசம் தெரியாமல் கோடையில் எடுத்த சிவப்பு மரத்தின் படத்தைக் காட்டி, "பாருங்கோ, வெயிலிலயும் சிவந்துதானே நிக்குது" என்று என்னோடு வாதாடியவர்கள் இருக்கிறார்கள்.

மகள் ஆவணியில வாறாள். விதையோ கன்றோ பையில போட்டுக்கொண்டு வரச் சொல்லட்டோ?

சொல்லாதீர்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. விதை, கன்று, தடி எதுவானாலும் முன்கூட்டியே விவசாயத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதி வேண்டும். புறப்படும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். கட்டுநாயக்கவில் தாவரத் தொற்றுத்தடுப்புப் பிரிவில் காட்டவும் வேண்டும். மண்ணோடு கன்று கொண்டுவரும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

நாலு விதையில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பீர்கள். பப்பாசியில் வெள்ளைப் பஞ்சுபோல அப்பிக்கொள்ளும் மாப்பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். அது மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. 2008இல்தான் இலங்கையில் முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். அது தானாக நீந்தி வரவில்லை.

இணையத்தில நீலக்கலர் மேப்பிள் விதை விக்கினம். அது வெயிலுக்கு நிக்குமாம். வாங்கலாமோ?

நீல இலை மேப்பிள் உலகத்தில் இல்லை. படத்தில் நிறத்தை மாற்றியிருக்கிறார்கள். ஊதா, வானவில் மேப்பிளும் அதே கதைதான். விதை என்று வருவது எதுவாகவும் இருக்கலாம். மேலே சொன்ன சட்டம் தபாலில் வரும் பொதிக்கும் உண்டு.

விதை ஏற்கெனவே கையில இருக்கு. கேளாமக் கொண்டு வந்திட்டினம். முளைக்க வைக்கிறது எப்படி?

சட்டத்தைச் சொல்லிவிட்டேன். முறையாக வந்த விதை என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் எந்த மேப்பிள் என்று தெரிய வேண்டும். வெள்ளி மேப்பிளின் விதை வைகாசி, ஆனியில் முற்றி விழும். அதற்குக் குளிர் தேவையில்லை, ஆனால் காய்ந்தால் செத்துவிடும். விமானத்தில் வந்து மேசை லாச்சியில் இரண்டு மாதம் கிடந்ததை இனி நம்ப வேண்டாம். ஜப்பான் மேப்பிள், சீனி மேப்பிள், நோர்வே மேப்பிள் விதைகள் இலையுதிர் காலத்தில் முற்றுபவை. இவைக்குக் குளிர் கொடுக்க வேண்டும்.

சிறகை ஒடித்துவிட்டு ஒரு நாள் தண்ணீரில் ஊற வையுங்கள். மிதப்பது பெரும்பாலும் சப்பி. கழுவிய தும்புத்தூளைப் பிழிந்து, கையில் ஈரம் தெரியும் அளவில் விதையோடு கலந்து, சின்னப் பொலித்தீன் பையில் கட்டி, பிரிஜ்ஜின் கீழ்த்தட்டில் மூன்று மாதம் வையுங்கள். உறைபெட்டியில் வைக்காதீர்கள். பத்து நாளைக்கு ஒருமுறை திறந்து பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். சீனி மேப்பிள் ஒரு விசித்திரமான விதை. 1 பாகை அளவில்தான் அது மிக நன்றாக முளைக்கும், பனிக்கட்டிக்குக் கீழேயே வேர் விடும் பழக்கம் உடையது. ஆகவே பிரிஜ்ஜுக்குள்ளேயே முளை வந்தால் பயப்படாதீர்கள். வெளியே எடுக்கும் நாள் மார்கழியாக இருக்கும்படி கணக்குப் பார்த்துத் தொடங்குங்கள்.

நீங்கள் வைச்சுப் பாத்தனீங்களோ, இல்லாட்டிச் சும்மா சொல்லுறீங்களோ?

வைத்துப் பார்த்தேன். சித்தப்பா மகன் குளிர்ச்சட்டைப் பையில் ஒரு பிடி ஜப்பான் மேப்பிள் விதையைக் கொண்டுவந்து தந்தான். அது பிழை என்று அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது. முப்பது விதையை எண்ணித் தயிர்க் கோப்பையில் போட்டுப் பிரிஜ்ஜில் வைத்தேன். மனைவி இரண்டு தடவை குப்பைக்குப் போடப் பார்த்தா. மார்கழியில் ஒன்பது முளைத்தன. பங்குனியில் நாலு அங்குலம், கைவிரல் நகம் அளவு இலைகள். பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. ஊரெல்லாம் படம் அனுப்பினேன்.

சித்திரையில் ஓரம் கருகத் தொடங்கியது. கிடுகு கட்டி மறைத்தேன். ஆடியில் மிஞ்சியது இரண்டு. ஒன்றைக் கறையான் தின்றது. மற்றது இரண்டு ஆண்டு இருந்து ஒரு முழம் வளர்ந்தது. இலை ஒருநாளும் சிவக்கவில்லை, ஒழுங்காக உதிரவும் இல்லை. கருகின இலை ஒட்டிக்கொண்டே கிடந்தது. மூன்றாம் ஆண்டு துளிர்க்கவில்லை. கத்தியால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன், உள்ளே பச்சை இல்லை. அந்தச் சாடியில் இப்போது கறிவேப்பிலை நிற்கிறது.

செத்தாலும் பரவாயில்லை, நான் வைச்சுத்தான் பாப்பன். எப்படிப் பராமரிக்கிறது?

நிலத்தில் வைக்காதீர்கள், சாடியில் வையுங்கள். மண்சாடி நல்லது, பிளாஸ்ரிக் வெயிலில் சூடேறி வேரை அவித்துவிடும். ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு ஆற்றுமணல், இரண்டு பங்கு மக்கிய இலையெரு. வயல் களிமண் வேண்டாம். மேப்பிளுக்கு இலேசான புளிப்பு மண்தான் பிடிக்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கல்சியமும் கூடியது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா, அந்தத் தண்ணீர் மேப்பிளுக்கு ஆகாது. மாரியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் ஊற்றுங்கள்.

வீட்டின் கிழக்குப் பக்கம் வைத்தால் ஒன்பது, பத்து மணி வரை இளவெயில் படும், பிறகு சுவர் மறைக்கும். தென்மேற்குப் பக்கத்துக்கு வைகாசிக்கு முன்பே கிடுகோ நிழல்வலையோ கட்டுங்கள். சாடியை மூன்று செங்கல்லில் தூக்கி வையுங்கள், மாரியில் தண்ணீர் வடியவும் கறையான் ஏறாமல் பார்க்கவும் அது உதவும். யூரியா போடவே வேண்டாம். கொழுத்த இலை இன்னும் வேகமாகக் கருகும்.

குளிர்தானே பிரச்சினை? சாடியோட பிரிஜ்ஜுக்குள்ள வைச்சால் என்ன?

சிரித்தாலும், இது புத்தியான கேள்வி. சூடான நாடுகளில் பொன்சாய் வளர்க்கும் சிலர் இதைத்தான் செய்கிறார்கள். இலை இல்லாமல் உறங்கும் மரத்துக்கு வெளிச்சம் தேவையில்லை. இரண்டு மூன்று மாதம் 3 முதல் 6 பாகைக்குள், மண் காயாமல் இருந்தால் போதும்.

ஆனால் திடீரென்று உள்ளே தள்ள முடியாது. முதலில் இலை உதிர வேண்டும், அதற்கே படிப்படியான குளிர் வேண்டும். அதே பிரிஜ்ஜில் மாம்பழம், வாழைப்பழம் இருந்தால் பழுக்கும்போது வெளிவரும் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுக்கும். தனிப் பிரிஜ் வேண்டும், மின்சாரம் போகாமல் இருக்க வேண்டும், மரம் ஒருநாளும் ஒரு முழத்துக்கு மேல் வளரக்கூடாது. இவ்வளவுக்கும் சம்மதம் என்றால் செய்யுங்கள். மின்பட்டியல் வந்தால் எனக்குக் காட்ட வேண்டாம்.

அப்ப நுவரெலியாவில வைக்கலாமே?

கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம். தை, மாசியில் சில இரவுகளில் புல்லில் பனி உறையும். மரம் உயிரோடு இருக்க அங்கே வாய்ப்புக் கூட. ஆனால் குளிர் தொடர்ந்து நிற்காது, பகலில் ஏறிவிடும். எங்கள் நாட்டில் நாளின் நீளமும் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாது. கனடாவில் மார்கழியில் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. மரத்துக்கு அதுவும் ஒரு சைகை. வன்னியில் காணி வைத்துக்கொண்டு நுவரெலியாவில் மரம் நடுவது எப்படி என்று தெரியவில்லை, கேட்டவர் விளக்கவும் இல்லை.

இத்தினை இனத்தில குளிர் கேக்காத மேப்பிள் ஒண்டுகூட இல்லையோ?

இருக்கிறது. இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ் மலைக்காடுகளில் ஒரு மேப்பிள் உண்டு. பூமத்திய ரேகையைத் தாண்டித் தெற்கே இயற்கையாக வளரும் மேப்பிள் அது ஒன்றுதான். இமயமலை அடிவாரத்தில் இன்னொன்று நிற்கிறது, பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும்.

ஆனால் இரண்டின் இலையும் பிளவுபடாத நீள் இலை. கை விரித்த வடிவம் கிடையாது, செந்நிற இலையுதிர்வும் கிடையாது. கொண்டுவந்து நட்டாலும் பக்கத்து வீட்டார், "உதென்ன, காட்டு மரத்தைக் கொண்டுவந்து வைச்சிருக்கிறீங்கள்?" என்றுதான் கேட்பார்கள். மேப்பிள் என்ற பெயரை விரும்புகிறீர்களா, அந்த இலையை விரும்புகிறீர்களா என்று முதலில் முடிவெடுங்கள்.

மேப்பிள்பாணி சரியான விலை. மரம் வந்தால் பாணி எடுக்கலாமே?

மரமே வராது என்பதை முதல் பதிலில் சொன்னேன். வந்தாலும் சாறு வராது. சீனி மேப்பிளில் சாறு ஓடுவது மாசி முதல் சித்திரை வரை, இரவில் உறைந்து பகலில் உருகும் சில வாரங்களில் மட்டும். அந்த உறைதலும் உருகுதலும்தான் மரத்துக்குள் அழுத்தத்தை உண்டாக்கிச் சாற்றைத் துளை வழியே தள்ளுகிறது. துளை போடும் பருமனுக்கு மரம் வரவே முப்பது நாற்பது ஆண்டு பிடிக்கும். உலகத்து மேப்பிள்பாணியில் பெரும்பங்கு கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இருந்து வருவது அந்தக் காலநிலையால்தான்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். மேப்பிள் சாற்றில் சீனி ஏறக்குறைய 2 வீதம். ஒரு லீற்றர் பாணிக்கு 40 லீற்றர் சாற்றைக் காய்ச்ச வேண்டும். பூநகரிப் பக்கம் வரிசையாக நிற்கும் பனையின் கருப்பநீரில் 10 வீதத்துக்கு மேல் சீனி. முட்டியில் சுண்ணாம்பு தடவினால் கருப்பநீர், தடவாவிட்டால் கள்ளு. விறகு எவ்வளவு மிச்சம்! பனம்பாணியை அப்பத்துக்கு ஊற்றிச் சாப்பிட்டவருக்கு மேப்பிள்பாணி கொஞ்சம் தண்ணியாகத்தான் தெரியும். இது என் நாக்கு சொல்வது, கனடாவில் இருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

மேப்பிள் பலகை உறுதியாமே, தளபாடம் செய்யலாமோ?

உறுதிதான். வயலினின் முதுகும் பக்கமும் மேப்பிளில்தான் செய்வார்கள். ஆனால் முதிரையும் பாலையும் வளரும் மண்ணில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது. கறையான் முதிரையைப் பார்த்து ஒதுங்கிப் போகும். மேப்பிளைப் பார்த்தால் விருந்து. உங்கள் காணியில் நிற்கும் முதிரையானாலும் வெட்டி ஏற்ற அனுமதிப் பத்திரம் வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

சரி, விடுங்கோ. எனக்குச் சிவந்த இலை வேணும். இஞ்சத்தை மண்ணில எது சிவக்கும்?

இந்தக் கேள்வி வரும்வரைதான் மேலே உள்ள எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்கிறேன்.

என் முதல் தெரிவு நாட்டு வாதுமை. பாடசாலை வளவுகளிலும் கரையோர ஊர்களிலும் பார்த்திருப்பீர்கள். தட்டுத் தட்டாகக் குடை விரிக்கும். உப்புக் காற்றுக்கும் வரட்சிக்கும் அசையாது. உதிர்வதற்கு முன் இலை மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, கடைசியில் இரத்தச் சிவப்பாகும். அதற்குக் குளிர் தேவையில்லை, வரட்சி போதும். ஆண்டுக்கு ஒன்று இரண்டு தடவை இப்படி நிறம் மாறி நிற்கும். விழுந்த சிவப்பு இலையைக் காயவைத்து மீன் தொட்டியில் போடுகிறார்கள், சண்டை மீன் வளர்க்கிறவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். கொட்டைக்குள் பருப்பு, பிள்ளைகள் கல்லால் குத்தித் தின்பார்கள். குறை என்றால் இலை பெரிது, கூட்டி முடியாது. வேர் சீமெந்துத் தரையைத் தூக்கும், ஆகவே வீட்டில் இருந்து இருபது அடி தள்ளி வையுங்கள்.

தளிரில் சிவப்பு வேண்டும் என்றால் இலுப்பையும் அரசும் இருக்கின்றன. மாசி, பங்குனியில் இலுப்பை பழைய இலையைக் கொட்டிவிட்டுச் செம்பு நிறத்தில் துளிர்க்கும். காலை வெயிலில் பார்த்தால் தீப்பிடித்ததுபோல. இலுப்பைக்கடவை என்று ஊருக்கே பெயர் வைத்தவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள்தானே. (அரசை வீட்டு வளவில் வைக்காதீர்கள், கோயிலுக்கும் குளக்கட்டுக்கும் உரியது. சுவரில் முளைத்தால் சுவர் போச்சு.)

அதைவிடச் சிவப்பு, சிங்களத்தில் கோன் என்று சொல்லும் காட்டு மரம். தமிழில் பூவம் என்றும் வேறு பெயர்களாலும் ஊருக்கு ஊர் சொல்வார்கள். துளிர்க்கும்போது முழு மரமும் சிவந்து நிற்கும். புளிப்பான பழம் தின்னலாம். முடக்கொத்தான் கதை நினைவிருக்கிறதா? இந்த மரமும் அதே குடும்பம். மேப்பிளின் இரத்த உறவு, சிவந்த இலை, வரண்ட காட்டில் வளரும். இதற்குமேல் என்ன வேண்டும்? மெல்ல வளரும், அதுதான் குறை.

உடனே வேண்டும், சாடியில் வேண்டும், இலையும் மேப்பிள் வடிவில் வேண்டும் என்கிறவர்களுக்குச் சிவப்பு இலைப் புளிச்சை இருக்கிறது. செம்பருத்தி இனம். தடி வெட்டி ஊன்றினால் வேர் விடும், நாலு மாதத்தில் இடுப்பளவு வரும். இலை கருஞ்சிவப்பு, தின்னலாம், புளிக்கும். படம் எடுத்து அனுப்பினால் கனடாவில் உள்ளவர்களே ஏமாறுவார்கள். ஏமாந்திருக்கிறார்கள்.

மே பிளவரையே வைச்சால் என்ன? வடிவுதானே?

வடிவுதான். கொப்பு முறியும், வேர் மேலாக ஓடும். சோளகத்தில் கொப்பு கூரையில் விழுந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பெரிய காணியானால், வீட்டுக்கு முப்பது அடி தள்ளி. சின்ன வளவுக்குச் சரக்கொன்றை வையுங்கள்.

கன்று எப்ப நடுறது? குழி எவ்வளவு ஆழம்?

ஐப்பசியில் முதல் இரண்டு மழை விழுந்து மண் இளகியதும். எங்களுக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரைதான். அதற்குள் வேர் பிடித்துவிட வேண்டும். சித்திரைச் சிறுமழையை நம்பி நடுகிறவர்கள் ஆடியில் திரும்பி வந்து இன்னொரு கன்று வாங்குகிறார்கள். எனக்கு வியாபாரம், அவர்களுக்கு நட்டம்.

இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். மேல்மண்ணோடு மக்கிய மாட்டெருவும் ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலந்து மூடுங்கள். கன்றில் இருந்து ஒரு அடி தள்ளிச் சுட்ட மண்பானை ஒன்றைக் கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடி வைத்தால் கோடையில் அது கசிந்து கசிந்து வேரை நனைக்கும். மூன்று நாளைக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். கிளுவைக் கதியாலால் சுற்றி அடையுங்கள், கட்டாக்காலி மாடு ஒரு வாய் வைத்தால் ஓராண்டு போச்சு.

புதிதாகத் துப்பரவாக்கும் காணியில் அலவாங்கு போடும் முன் ஒன்று: கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த நிலம்தானா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். இரும்புத் துண்டோ புரியாத பொருளோ தட்டுப்பட்டால் கை வைக்காமல் விலகி வந்து பொலிசுக்குச் சொல்லுங்கள்.

அப்பா கனடாவில மோசம் போயிட்டார். அவற்றை வீட்டு வாசலில நிண்ட மேப்பிளின்ர கன்று ஒண்டை ஊர் வளவில நட ஆசைப்படுறம். ஏதாவது வழி இருக்கோ?

இதைக் கேட்டு வந்தவர்களுக்கு முகத்துக்கு நேரே "வளராது" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சொல்லத்தான் வேண்டியிருந்தது. நட்டது மூன்றாம் ஆண்டில் பட்டுப்போனால் அது இன்னொரு துக்கம்.

அவர்கள் கேட்டுக்கொண்டே நின்றார்கள். அப்பா ஊரில் இருந்தபோது எந்த மரத்தடியில் இருப்பார் என்று கேட்டேன். வாய்க்கால் கரையில் ஒரு மருது, அதன் கீழேதான் மாடு கட்டிவிட்டுப் படுப்பார் என்றார்கள். அந்த மரம் இப்போது இல்லையாம். மருது வடமாகாணத்தின் மரமாகத் தெரிவானது. தண்ணீர் ஓரம் வைத்தால் பேரப்பிள்ளைகள் காலம் வரை நிற்கும். இரண்டு கன்று கொடுத்தேன், ஒன்று தவறினால் மற்றது. ஐப்பசி வரை நிழலில் வைத்துத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். காசு வாங்கவில்லை, அதனால் அடுத்தமுறை வரும்போது கன்று எப்படி நிற்கிறது என்று என்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.